வாசகர் கேள்வி பதில்: லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்கு எத்தனை மணி நேரம்?

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் உள்ள லிஸ்பன் விமான நிலையத்துக்கும் வடகிழக்கு மூலையில் உள்ள ஹெல்சிங்கி விமான நிலையத்துக்கும் இடையிலான பயணம் குறித்து அஸ்தம்பட்டி வாசகி ஒருவர் எழுப்பிய கேள்வியும், அதே பொருளை ஒட்டிச் சேலம் வட்டார வாசகர்கள் கேட்ட பிற கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் மகள் லிஸ்பனிலும் மகன் ஹெல்சிங்கியிலும் வேலை பார்க்கிறார்கள். வரும் டிசம்பரில் நானும் என் கணவரும் முதலில் மகளிடம் தங்கிவிட்டு, அங்கிருந்து மகனைப் பார்க்கப் போய்த் திரும்ப டிக்கெட் எடுத்திருக்கிறோம். போகும்போது காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு மாலை 4.40 மணிக்கு இறங்குவதாகவும், திரும்பும்போது காலை 10.00 மணிக்குப் புறப்பட்டுப் பகல் 1.00 மணிக்கே இறங்குவதாகவும் டிக்கெட்டில் இருக்கிறது. ஒரே தூரத்தைக் கடக்க ஒரு முறை ஆறு மணி நாற்பது நிமிடமும், மறுமுறை வெறும் மூன்று மணி நேரமும் ஆகுமா? அச்சுப் பிழையா?
— அஸ்தம்பட்டி வாசகி, சேலம்

பதில்: அச்சுப் பிழை இல்லை, அம்மா. விமான டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படியும் போடப்படுவது உலக வழக்கம். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால் சேலத்திலிருந்து தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போகும்போது இந்தச் சிக்கல் நமக்கு எழுவதில்லை. ஐரோப்பாவிலோ லிஸ்பனின் கடிகாரத்தைவிட ஹெல்சிங்கியின் கடிகாரம் எப்போதும் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

ஆகவே, நீங்கள் மாலை 4.40 மணிக்கு ஹெல்சிங்கியில் இறங்கும்போது லிஸ்பனில் பிற்பகல் 2.40 மணிதான் ஆகியிருக்கும், காலை 10.00 மணியிலிருந்து கணக்கிட்டால் உண்மையான பயண நேரம் 4 மணி 40 நிமிடம். திரும்பும்போது ஹெல்சிங்கியில் காலை 10.00 மணி என்பது லிஸ்பனில் காலை 8.00 மணி, அங்கிருந்து பகல் 1.00 மணி வரை எண்ணினால் 5 மணி நேரம். ஆறே முக்கால் எங்கே, மூன்று எங்கே என்று மலைக்க வைத்த வேறுபாடு, நேர மண்டலத்தைச் சரிசெய்தவுடன் இருபது நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த இருபது நிமிடத்துக்குக் காரணம் காற்று. ஐரோப்பாவின் மேல், விமானங்கள் பறக்கும் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். லிஸ்பனிலிருந்து வடகிழக்காகப் போகும் விமானத்தை அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, திரும்பி வரும் விமானத்தை எதிர்த்து நிற்கிறது. உதாரணமாக மேற்குக் காற்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வீசுவதாகக் கொண்டால், பயணத் திசை சாய்வாக இருப்பதால் அதில் 44 கி.மீ. அளவே விமானத்தின் வேகத்தோடு கூடும் அல்லது கழியும். காற்றே இல்லாவிட்டால் சுமார் 4 மணி 4 நிமிடத்தில் கடக்கும் தொலைவை, போகும்போது 3 மணி 51 நிமிடத்திலும், வரும்போது 4 மணி 17 நிமிடத்திலும் கடக்கலாம். தரையில் ஓடுவதும் ஏறி இறங்குவதும் இதற்கு மேல் வரும் கணக்கு. அதை அடுத்த பதிலில் பார்க்கலாம்.

இரு ஊர்களுக்கும் உள்ள தீர்க்கரேகை வேறுபாடு ஏறக்குறைய 34 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற வீதத்தில் சூரியக் கணக்குப்படியே 2 மணி 16 நிமிடம் வருவதால், கடிகாரத்தின் இரண்டு மணி நேர வேறுபாடு இயற்கைக்கு மிக அருகில்தான் இருக்கிறது. போர்ச்சுகல் 1992 முதல் 1996 வரை மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. அந்த ஆண்டுகளில் இந்த வேறுபாடு ஒரு மணி நேரமாக இருந்தது. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும், அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று பின்னும் தள்ளும் வழக்கம் இரு நாடுகளிலும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்தும் ஒரே கணத்தில் மாற்றிக்கொள்வதால் லிஸ்பன், ஹெல்சிங்கி வேறுபாடு அந்நாட்களிலும் குலைவதில்லை. மாறுவது நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடுதான். நீங்கள் போகும் டிசம்பரில் லிஸ்பன் நம்மைவிட ஐந்தரை மணி நேரமும் ஹெல்சிங்கி மூன்றரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். கோடையில் அது முறையே நாலரையும் இரண்டரையும் ஆகும்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருப்பது நல்லது. டிசம்பரில் ஹெல்சிங்கியில் பிற்பகல் மூன்று மணி கடந்த சிறிது நேரத்திலேயே சூரியன் மறைந்துவிடும். மாலை 4.40 மணிக்கு இறங்கும்போது நன்றாக இருட்டியிருக்கும்; விமானம் தாமதமாகிவிட்டதோ என்று கலங்க வேண்டாம்.

கேள்வி: லிஸ்பன், ஹெல்சிங்கி இடையே வான்வழித் தூரம் 3,363 கி.மீ. என்று படித்தேன். விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்றால் மூன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாமே? நாலே முக்கால் மணி நேரம் வரை ஆவதாகச் சொல்வது ஏன்?
— கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: தூரத்தை வேகத்தால் வகுப்பது சரியான தொடக்கம்தான். ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட வேகம் இந்தத் தடத்துக்கு உரியதன்று. மணிக்கு 900 கி.மீ. என்பது கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் பெரிய, இரு நடைபாதை கொண்ட விமானங்களின் வேகம். ஐரோப்பாவுக்குள் பெரும்பாலும் ஓடுபவை ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள். அவை ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு அளவில் பறப்பவை. அந்த உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 56 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் ஒலியே மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. வேகத்தில்தான் செல்கிறது; அதில் 0.78 பங்கு என்றால் 828 கி.மீ. அளவு. இந்த வேகத்தில் வகுத்தால் 4 மணி 4 நிமிடம் வரும்.

மீதி நேரம் எங்கே போகிறது என்பதற்கு நம் ஊர் விமானமே போதிய சான்று. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 266 கி.மீ. அங்கிருந்து பறக்கும் ஏ.டி.ஆர். ரகச் சுழலி விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகம் எடுக்கக் கூடியது. அந்தக் கணக்கில் 32 நிமிடத்தில் சென்னை வந்துவிட வேண்டும். டிக்கெட்டிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருக்கும். நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், இறங்கிய ஊரில் நிறுத்துமிடத்தில் முற்றிலும் நிற்பது வரையான நேரத்தையே விமானத் துறையினர் பயண நேரமாகக் கொள்கின்றனர். பிளாக் நேரம் என்பது அவர்களிடையே வழங்கும் பெயர். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, முறைக்குக் காத்திருப்பது, முழு வேகத்தை எட்டாமல் ஏறுவது, வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்குவது, ஓடுபாதைக்கு நேராக வருவதற்காகச் சுற்றி வளைவது என எல்லாம் அதில் அடங்கும். இந்த அரை மணிச் செலவு, போகிற தூரம் 266 கி.மீ. ஆனாலும் 3,363 கி.மீ. ஆனாலும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவேதான் குறுந்தொலைவில் அது பயண நேரத்தையே இரட்டிப்பாக்குகிறது, நெடுந்தொலைவில் கண்ணில் படாமல் போகிறது.

அத்துடன், சரியான நேரத்துக்கு வந்தோம் என்று காட்டிக்கொள்வதற்காக விமான நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. லிஸ்பன் நிலையம் நகரத்துக்குள்ளேயே, ஒரே ஓடுபாதையுடன் மிகுந்த நெரிசலில் இயங்குவது. ஹெல்சிங்கி நிலையத்துக்கு மூன்று ஓடுபாதைகள் இருந்தாலும் குளிர்காலத்தில் புறப்படுமுன் இறக்கைகளில் படிந்த பனியை நீக்க மருந்துக் கலவை தெளிக்க வேண்டியிருக்கும். இரண்டுமே நிமிடங்களைத் தின்பவை. இவ்வளவையும் கூட்டினால் நாலே முக்கால் மணி நேரம் மிகையான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: சேலத்திலிருந்து எங்கள் ஏற்காடு நேர்கோட்டில் பார்த்தால் 15 கி.மீ. தொலைவுகூட வராது என்கிறார்கள். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும்போது 30 கி.மீ. ஆகிவிடுகிறது. விமானப் பாதையிலும் இப்படி ஏட்டுத் தூரம், நிஜத் தூரம் என்று இரண்டு உண்டா?
— காபித் தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பதில்: உண்டு. ஆனால் மலைப்பாதையில் இருப்பதுபோல் இரண்டு மடங்கு வேறுபாடு வானில் ஏற்படுவதில்லை. வழக்கமான நாட்களில் சில விழுக்காடு மட்டுமே கூடும்.

3,363 கி.மீ. என்பது பூமிப் பந்தின் மேற்பரப்பில் இரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம். உலக உருண்டை ஒன்றில் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்தால் அது எந்த வழியே கிடக்குமோ அதுவே அந்த வழி. அது போர்ச்சுகலையும் வட ஸ்பெயினையும் பிஸ்கே விரிகுடாவையும் கடந்து, பிரான்சின் மேற்குப் பகுதி, பெல்ஜியம், வட ஜெர்மனி, தென் ஸ்வீடன் வழியாகப் பால்டிக் கடலைத் தாண்டிப் பின்லாந்துக்குள் நுழைகிறது. லிஸ்பனில் கிளம்பும்போது வடக்கிலிருந்து சுமார் 33 பாகை கிழக்கே நோக்கியிருக்கும் விமானத்தின் மூக்கு, ஹெல்சிங்கியை நெருங்கும்போது 60 பாகைக்குத் திரும்பியிருக்கும். நேராகவே பறந்தும் திசை மாறிக்கொண்டிருப்பது பூமி உருண்டை என்பதன் விளைவு.

பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் வழியே திசையை மாற்றாமல் பறந்தால் தூரம் எவ்வளவு கூடும் என்றும் பார்க்கலாம். விமானப் பாதைகளைப் பற்றி எழுதுவோர் இந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பேசுவது வழக்கம். ஆனால் லிஸ்பன், ஹெல்சிங்கி தடத்தில் அது 30 கி.மீ. அளவில் அடங்கிவிடுகிறது. உயர்ந்த அட்சரேகைகளில் கிழக்கு மேற்காக நெடுந்தொலைவு செல்லும் தடங்களில்தான் அது ஆயிரக்கணக்கில் போகும்.

நிஜத்தில் தூரத்தைக் கூட்டுபவை வேறு: இடிமேகத்தைத் தவிர்க்க ஒதுங்குவது, ராணுவப் பயிற்சிக்காக மூடப்பட்ட வான்பகுதியைச் சுற்றிப் போவது, காற்று சாதகமாக இருக்கும் பாதையை நாடி விலகுவது, இறங்குமுன் வரிசையில் நிற்க வட்டமிடுவது. முன்பெல்லாம் வானத்திலும் வரையறுத்த சாலைகள் இருந்தன. விமானங்கள் அவற்றின் வழியே வளைந்து வளைந்துதான் சென்றாக வேண்டும். 2009ஆம் ஆண்டில் லிஸ்பன் வான்பகுதியின் மேலடுக்கில், நுழையும் புள்ளிக்கும் வெளியேறும் புள்ளிக்கும் இடையே தாங்களே வழியைத் தேர்ந்து பறக்கலாம் என்று போர்ச்சுகல் அனுமதித்தது. ஐரோப்பாவில் இதில் முந்திக்கொண்ட நாடு அது. மற்ற நாடுகளும் பின்னர் இந்த முறைக்கு மாறி வருகின்றன.

கேள்வி: ஓர் இணையதளம் 3,363 என்கிறது, மற்றொன்று 2,090 என்கிறது, விமானி ஒருவரோ 1,816 என்றாராம். எதை நம்புவது?
— ஃபேர்லேண்ட்ஸ் வாசகர், சேலம்

பதில்: மூன்றும் ஒன்றே. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது 1,852 மீட்டர் நீளமுள்ள கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலில்தான் பேசுவார்கள்.

கேள்வி: நேரடி விமானத்தைவிட ஃபிராங்க்பர்ட்டில் இறங்கி மாறும் டிக்கெட் மலிவாக இருக்கிறது. ஜெர்மனி வழியில்தானே இருக்கிறது, தூரம் அதிகமாகாதே என்று என் தம்பி சொல்கிறான். அவன் சொல்வது சரியா?
— ஆத்தூர் வாசகர்

பதில்: தூரத்தைப் பொறுத்தவரை உங்கள் தம்பி சொல்வது முற்றிலும் சரி. லிஸ்பனிலிருந்து ஃபிராங்க்பர்ட் ஏறக்குறைய 1,873 கி.மீ., அங்கிருந்து ஹெல்சிங்கி 1,538 கி.மீ.; கூட்டினால் 3,411 கி.மீ. நேரடி வழியைவிட ஐம்பது கிலோமீட்டர்கூட அதிகமில்லை. ஆனால் நேரத்தைப் பொறுத்தவரை அவர் கணக்குத் தவறு. முதல் பறப்புக்குச் சுமார் மூன்று மணி நேரம், இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் என்று ஐந்தரை மணி நேரம் வானிலும் தரையிலுமாக ஓடிவிடும். முன்னே சொன்ன அந்த அரை மணிச் செலவு இங்கே இரண்டு முறை விழுகிறது. நடுவே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் மொத்தம் ஏழு மணி நேரம். ஐம்பது கிலோமீட்டருக்காக இரண்டேகால் மணி நேரம்!

மூன்று நாடுகளும் ஷெங்கன் உடன்படிக்கையில் உள்ளவை ஆதலால் ஃபிராங்க்பர்ட்டில் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டியிருக்காது என்பது ஓர் ஆறுதல். இளைஞர்கள் பணத்தை மிச்சப்படுத்த அந்த வழியே போகட்டும். வயதானவர்களை அழைத்துச் செல்வோர் நேரடி விமானத்துக்குச் சற்று அதிகமாகக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் விமானம் தாமதமானால் தூரத்தைப் பொறுத்து இழப்பீடு தருவார்கள் என்பது உண்மையா? இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் கிடைக்குமா?
— ஓமலூர் வாசகர்

பதில்: உண்மை, கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் விதிமுறை பயணியின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. அதன்படி 1,500 கி.மீ. வரையான பயணத்துக்கு 250 யூரோ, ஒன்றியத்துக்குள்ளேயே 1,500 கி.மீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 400 யூரோ, ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கி.மீட்டரைத் தாண்டும் பயணத்துக்கு 600 யூரோ என்று வகுத்திருக்கிறார்கள். லிஸ்பன், ஹெல்சிங்கி பயணம் இரண்டாம் வகையில் அடங்குவதால் 400 யூரோ. சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால் இந்த உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஆப்பிரிக்கக் கரையோரம் கிடக்கும் கேனரி தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை, ஒன்றியத்தின் பகுதியும்கூட. அங்குள்ள டெனெரீஃப் தெற்கு நிலையத்திலிருந்து ஹெல்சிங்கிக்கு 4,740 கி.மீ. அளவு, ஆறு மணி நேரத்தைத் தாண்டும் பறப்பு. அவ்வளவு தொலைவு போனாலும் ஒன்றியத்துக்குள்ளேயே இருப்பதால் 400 யூரோவுக்கு மேல் கிடையாது. தூரத்தை அளப்பதும் மேலே சொன்ன நூல் பிடித்த வழியில்தான். ஒரே முன்பதிவில் ஃபிராங்க்பர்ட் வழியாகப் போனாலும், முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையிலான நேர்தூரமே கணக்கு என்று 2017இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கடும் பனிப்பொழிவு போல நிறுவனத்தின் கைமீறிய காரணங்களால் தாமதம் நேர்ந்தால் இழப்பீடு கிடையாது. அப்போதும் உணவு தர வேண்டியதும், இரவு தங்க நேர்ந்தால் விடுதி ஏற்பாடு செய்ய வேண்டியதும் நிறுவனத்தின் கடமை. ஏறும் அனுமதிச் சீட்டைப் பயணம் முடிந்தவுடன் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: உக்ரைன் போரால் இந்தப் பயணம் நீளுமா?
— அம்மாப்பேட்டை வாசகர், சேலம்

பதில்: லிஸ்பனிலிருந்து வரும் பாதை முழுவதும் மேற்கிலேயே இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை. ஹெல்சிங்கியின் மற்றத் தடங்கள் அப்படித் தப்பவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்பகுதி மூடப்பட்டபின், இஸ்தான்புல்லிலிருந்து நேர் வடக்காக வரக் கூடிய விமானங்கள் ருமேனியா, போலந்து வழியாக மேற்கே ஒதுங்கி வருகின்றன. ரஷ்யாவின் வான்வழி அடைபட்டதால் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்ல ஒன்பதரை மணி நேரமாக இருந்தது சுமார் 13 மணி நேரமாகிவிட்டது.

கேள்வி: விமானம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதே பயணத்தை ரயிலில் செய்ய முடியுமா?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: கடைசிவரை ரயிலிலேயே போக முடியாது, கப்பலும் வேண்டும். கன்னியாகுமரிக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே நேர்கோட்டில் 2,900 கி.மீ. அளவுதான், இது அதைவிட நீளமானது. லிஸ்பனுக்கும் மாட்ரிடுக்கும் இடையே ஓடிய இரவு ரயில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால் தொடக்கத்திலேயே இடையில் மாறி மாறிப் போக வேண்டும். பிறகு மாட்ரிடிலிருந்து பார்சிலோனா, பாரிஸ், கொலோன், ஹாம்பர்க், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம் என்று விரைவு ரயில்கள் உண்டு. ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு ஓர் இரவுக் கப்பல் பயணம். நின்று நிதானித்துப் போனால் நான்கு நாட்களாவது ஒதுக்க வேண்டும்.

ரயில்வேக்காரரான உங்களுக்குப் பிடித்த ஒரு கணக்கு: போர்ச்சுகலின் பழைய பாதைகளில் தண்டவாள இடைவெளி 1,668 மில்லிமீட்டர், நம் சேலம் சந்திப்பின் அகலப் பாதையைவிட எட்டு மில்லிமீட்டரே குறைவு. பிரான்சிலிருந்து ஸ்வீடன் வரை 1,435 மில்லிமீட்டர். பின்லாந்தில் 1,524 மில்லிமீட்டர். ஸ்வீடன் தண்டவாளமும் பின்லாந்து தண்டவாளமும் வடக்கே ஹபரண்டா, டோர்னியோ எல்லையில் சந்தித்தாலும், அகலம் வேறாக இருப்பதால் சாதாரண ரயில்பெட்டி அங்கே அப்படியே கடந்து போக முடியாது.